தோண்டுவது சுலபம், தூக்குவதுதான் பாடு

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயின் குறுக்கே 'எவர் கிவன்' சிக்கிக்கொண்டபோது ஒரு படம் உலகம் முழுவதும் சுற்றியது. 400 மீட்டர் நீளக் கப்பலின் மூக்கடியில் ஒற்றை மஞ்சள் பொக்லைன் நின்று கரையைச் சுரண்டிக்கொண்டிருக்கும். மீம் போடுகிறவர்களுக்கு அது பெரிய விருந்து. அந்தப் படத்தில் இல்லாத ஒன்றுதான் மணலை வாரும் வேலையில் பெரும்பங்கைச் செய்தது. சூயஸ் கால்வாய் ஆணையத்துக்குச் சொந்தமான 'மஷ்ஹூர்' என்ற தூர்வாரும் கப்பல் அது. மணிக்கு 2,000 கன மீட்டர் வாரக்கூடியது. சிக்கிய கப்பலின் முகப்பைச் சுற்றி 18 மீட்டர் ஆழம்வரை ஏறத்தாழ 27,000 கன மீட்டர் மணலை அப்புறப்படுத்தியது. மார்ச் 29 அன்று எவர் கிவன் மிதந்தது. பௌர்ணமியை ஒட்டிப் பொங்கிய கடலுக்கும் இழுவைப் படகுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

பொக்லைனுக்கும் மஷ்ஹூருக்கும் உள்ள வித்தியாசம் பல்லின் கூர்மையில் இல்லை. பொக்லைன் அள்ளியதைத் தன் கை எட்டும் தூரத்தில்தான் கொட்ட முடியும். கொட்டியது அங்கேயே குவியும், குவிந்தது மறுபடி சரியும். மஷ்ஹூர் வெட்டிய மணலை அதே மூச்சில் நீரோடு கலந்து குழாய் வழியே தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது. தூர்வாரும் கப்பலைத் தோண்டும் இயந்திரம் என்றே எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு அது தூக்கிச் சுமக்கும் இயந்திரமாகத்தான் படுகிறது. கடலடி மணல் பெரும்பாலும் இளகியது, அதைக் கிளறுவதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். கிளறியதை மேலே கொண்டுவருவதிலும், கொண்டுவரும் கையை ஆடும் கப்பலிலிருந்து தொங்கவிட்டுப் பிடித்திருப்பதிலும்தான் பொறியாளர்களின் தலைவலி முழுக்க இருக்கிறது.

இதே சூயஸில் இதற்குப் பழைய சாட்சி உண்டு. 1859இல் கால்வாய் வெட்டத் தொடங்கியபோது எகிப்து விவசாயிகளைக் கட்டாயமாகக் கொண்டுவந்து, கூடையும் மண்வெட்டியும் கொடுத்து வெட்டவைத்தார்கள். 1864 வாக்கில் அந்தக் கட்டாய உழைப்பு முடிவுக்கு வந்தது. ஆட்களுக்குப் பதில் இயந்திரம் வேண்டியிருந்தது. பொரெல், லாவலே என்ற இரு பிரெஞ்சுப் பொறியாளர்களின் நிறுவனம் நீராவியில் ஓடும் வாளிச் சங்கிலித் தூர்வாரிகளைக் கொண்டுவந்தது. வாளி வாளியாக மண் மேலே வந்தது. வந்ததை எங்கே போடுவது? படகில் கொட்டி, படகை இழுத்துக்கொண்டுபோய்க் காலி செய்வதற்குள் தூர்வாரி சும்மா நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் கண்ட வழி எளிமையானது: தூர்வாரியின் உச்சியிலிருந்து கரைக்கு ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள இரும்புச் சரிவோடை ஒன்றை நீட்டினார்கள். அதில் பம்பு வைத்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். லேசான சரிவிலேயே ஈர மணல் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு கரை மேட்டைத் தாண்டிப்போய் விழுந்தது. மணலைச் சுமக்கத் தண்ணீரே போதும் என்பதை அந்த ஓடை பெரிய அளவில் காட்டியது. அந்தத் தண்ணீரைத் திறந்த ஓடையிலிருந்து எடுத்து மூடிய குழாய்க்குள் விட்டால் இன்றைய தூர்வாரும் கப்பல் வந்துவிடும். அட்லாண்டிக்கின் மறுகரையில், அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், பம்பு வைத்து மணலை உறிஞ்சித் தன் வயிற்றிலேயே நிரப்பிக்கொள்ளும் 'ஜெனரல் மோல்ட்ரி' என்ற கப்பல் 1850களிலேயே ஓடிப் பார்த்தது.

அந்தக் கப்பலின் வாரிசுகள்தான் இன்று உலகத் துறைமுகங்களைத் திறந்து வைத்திருப்பவை. ஆங்கிலத்தில் நீளமான பெயர். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் சுருக்கமாக ஹாப்பர் டிரெட்ஜர் என்பார்கள். வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் புரிந்துவிடும். கப்பலின் பக்கவாட்டில் ஒரு பெரிய உறிஞ்சுகுழாய் சாய்வாகத் தொங்கும். சில கப்பல்களில் இரு பக்கமும். அதன் நுனியில் டிராக்ஹெட் எனப்படும் கனத்த இரும்புத் தலை. கப்பல் நடக்கிற வேகத்தில் மெல்ல நகர, தலை கடலடியில் உரசிக்கொண்டே வரும். தலையிலுள்ள நீர்ப்பீச்சிகளும் பற்களும் மணலைக் கிளற, பம்பு அதை நீரோடு சேர்த்து உறிஞ்சி, கப்பலின் நடுவிலுள்ள ஹாப்பர் என்ற பெரிய தொட்டியில் கொட்டும். மணல் அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் ஒரு புனல் வழியாக வழிந்து கடலுக்கே திரும்பும். அந்தப் புனலின் உயரத்தை ஏற்றி இறக்க முடியும். கப்பல் தாங்கும் எடை வந்துவிட்டால் புனலைத் தாழ்த்தி, இன்னும் கொஞ்சம் நீரை வெளியேற்றி, அந்த இடத்தில் மணலை ஏற்றிக்கொள்வார்கள். தண்ணீரைச் சுமந்து போவதில் யாருக்கும் லாபமில்லை. சேறு என்றால் இந்த வித்தை எடுபடாது. அது படிய மறுத்து, வழியும் நீரோடு தானும் போய்விடும்.

பம்பை எங்கே வைப்பது என்பது அற்பக் கேள்வியாகத் தோன்றும். ஆனால் இந்தக் கப்பல்களின் உருவத்தையே தீர்மானித்தது அந்தக் கேள்விதான்.

நம் ஊர்க் கிணறுகளில் இதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போனால் மேலே இருக்கும் மோட்டார் இழுக்காது. கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைப்பார்கள். பிற்பாடு தண்ணீருக்குள்ளேயே இறங்கும் சப்மெர்சிபிள் வந்தது. குதிரைத்திறன் போதாததால் வந்த வினை அல்ல இது. பம்பு உண்மையில் இழுப்பதே இல்லை. தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியிலுள்ள காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது. காற்றழுத்தம் தூக்கக்கூடியது சுமார் 10 மீட்டர் உயர நீர்த்தூணைத்தான். உராய்வும் மற்ற இழப்புகளும் போனால் ஏழெட்டு மீட்டர் மிஞ்சும்.

கடலில் இந்தத் தொல்லை வராது என்று தோன்றலாம். குழாய்க்கு வெளியிலும் கடல்நீர் நிற்கிறது, அதுவே உள்ளிருப்பதைத் தாங்கிப் பிடித்துவிடுமே? உள்ளே வெறும் நீர் இருந்தால் சரிதான். ஆனால் உள்ளே வருவது மணல் கலந்த நீர். நல்ல கலவை, நீரைப்போல் 1.3 மடங்கு கனம். கடலடி 30 மீட்டரில் இருக்கிறது, பம்பு கப்பலின் உள்ளே நீர்மட்டத்துக்கு 5 மீட்டர் கீழே இருக்கிறது என்று வையுங்கள். வெளியிலிருந்து தள்ளும் அழுத்தம் 30 மீட்டர் கடல்நீரும் காற்றின் 10 மீட்டரும் சேர்ந்து 40. உள்ளே 25 மீட்டர் உயரத்துக்குக் கலவை நிற்கிறது. அதன் கனம் 32.5 மீட்டர் நீருக்குச் சமம். மிச்சம் 7.5. குழாயின் உராய்வுக்கும் கலவையை வேகமாக ஓட்டுவதற்கும் இதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். இப்போது கடலடியை 60 மீட்டருக்கு இறக்குங்கள். வெளியிலிருந்து 70, உள்ளே 55 மீட்டர் கலவையின் கனம் 71.5. கணக்கு உதைக்கிறது. எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும் இது மாறாது. கலவையில் மணலைக் குறைத்தால் ஓடும், ஆனால் அப்போது தண்ணீரைத்தான் வாரிக்கொண்டிருப்போம்.

இதற்கு ஒரே வழி, பம்பைக் குழாயோடு சேர்த்துக் கீழே அனுப்புவது. அதே 60 மீட்டர் ஆழத்தில் பம்பு 40 மீட்டரில் இருந்தால் உள்ளே 20 மீட்டர் கலவைதான் நிற்கும், கனம் 26. வெளியில் 70. கைவசம் 44 மீட்டர் அழுத்தம் மிஞ்சுகிறது. பம்பிலிருந்து மேலே தள்ளுவதற்கு எல்லையே இல்லை, எஞ்சின் பலம்தான் எல்லை. பெல்ஜிய நிறுவனம் யான் தெ நூலுக்காக 2009இல் ஸ்பெயினில் கட்டப்பட்ட 'கிறிஸ்டோபல் கொலோன்' 155 மீட்டர் ஆழத்திலிருந்து மணலை எடுக்கக்கூடியது. அதன் ஹாப்பரின் கொள்ளளவு 46,000 கன மீட்டர். கிணற்று மோட்டாருக்கும் அதற்கும் தத்துவம் ஒன்றேதான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சுமப்பதில் வந்த சிக்கலைத் தூக்குவதன் தலையில் கட்டிவிட்டார்கள். வெறும் குழாயாக இருந்த கையில் இப்போது பம்பும் மின்மோட்டாரும் ஏறிக்கொண்டன. நூறு மீட்டரைத் தாண்டும் நீளம், பல நூறு டன் எடை, நடுவில் வளையும் மூட்டுகள். இதைத் தினம் பலமுறை கடலில் இறக்கி ஏற்ற வேண்டும், அலை இருந்தாலும்.

இதைச் செய்பவை கேன்ட்ரிகள். ஹாப்பர் டிரெட்ஜரின் பக்கத்தைப் பார்த்தால் மேல்தளத்தில் மூன்று முக்காலி போன்ற இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். முதலாவது குழாயின் மேல்முனைக்கு, இரண்டாவது நடுமூட்டுக்கு, மூன்றாவது டிராக்ஹெட்டுக்கு. பயணத்தின்போது குழாய் தளத்தின்மேல் படுத்திருக்கும். வேலை தொடங்கும்போது மூன்று கேன்ட்ரிகளிலுள்ள வின்ச்சுகளும் குழாயைச் சற்றே தூக்கும். பிறகு ஹைட்ராலிக் உருளைகள் கேன்ட்ரிகளைக் கடல் பக்கம் சாய்க்கும். குழாய் கப்பலின் விளிம்பைத் தாண்டித் தொங்கும். அப்புறம் மெல்ல இறக்குவார்கள்.

குழாயின் மேல்முனை வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தால் போதாது. அது கப்பலின் உள்ளே போகும் குழாயோடு கசிவில்லாமல் பொருந்த வேண்டும், அந்தத் துளையோ நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஆகவே கப்பலின் பக்கச் சுவரில் செங்குத்தான தண்டவாளங்கள் பதித்திருப்பார்கள். குழாயின் மேல்முனையிலுள்ள கனத்த இரும்புக் கட்டை அந்தத் தண்டவாளத்தில் புகுந்து, வழுக்கி இறங்கி, துளைக்கு நேராக வந்து உட்காரும். அது உட்கார்ந்த பிறகு மற்ற இரு வின்ச்சுகளும் குழாயைத் தேவையான ஆழத்துக்குச் சாய்க்கும். நடுமூட்டு எல்லாப் பக்கமும் வளையக்கூடியது. கப்பல் ஆடினாலும் குழாய் முறியாமலிருக்க அது வேண்டும். ஆனால் வளையக்கூடியது அதிகமாக வளைந்தும் தொலையும். ஒரு வின்ச் சற்று வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் இறங்கினால் குழாய் தப்பான இடத்தில் மடங்கும். மூன்று வின்ச்சுகளையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பதற்கென்றே மேல்மாடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னாலுள்ள திரையில் குழாயின் ஒவ்வொரு துண்டும் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது கோட்டுச் சித்திரமாகத் தெரிந்துகொண்டிருக்கும். குழாயை அவர் கண்ணால் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. தண்ணீருக்குள் எதுவும் தெரியாது.

குழாய் இறங்கிவிட்டது, டிராக்ஹெட் தரையைத் தொட்டுவிட்டது. அப்போதுதான் அலை வருகிறது.

கப்பல் அலையில் ஏறினால் அதனோடு கட்டிய கம்பிவடம் டிராக்ஹெட்டையும் தரையிலிருந்து தூக்கிவிடும். அந்தச் சில விநாடிகள் பம்பு வெறும் தண்ணீரைத்தான் குடிக்கும். கப்பல் இறங்கினால் வடம் தொய்ந்து, முழு எடையும் தரையில் அழுந்தித் தலை மணலில் புதையும். அடுத்த அலையில் கப்பல் ஏறும்போது தொய்ந்த வடம் திடீரென விறைக்கும். விறைக்கும் வடத்தில் ஒரு கணம் வரும் இழுவிசை, நிதானமாகத் தூக்கும்போது இருப்பதைப்போல் பல மடங்கு. வடம் அறுவதெல்லாம் அப்படித்தான். இதோடு ஹாப்பர் நிரம்ப நிரம்பக் கப்பலே மீட்டர் கணக்கில் நீரில் அமிழ்ந்துகொண்டே போகிறது. வின்ச்சில் உட்கார்ந்து ஒவ்வோர் அலைக்கும் வடத்தை விட்டுப் பிடிப்பது மனிதரால் ஆகிற காரியமில்லை.

இதற்கான கருவியைக் கப்பலில் ஸ்வெல் காம்பன்சேட்டர் என்கிறார்கள். டிராக்ஹெட்டின் வடம் வின்ச்சிலிருந்து நேராகக் கேன்ட்ரிக்குப் போகாமல், இடையில் செங்குத்தாக நிற்கும் ஒரு ஹைட்ராலிக் உருளையின் தலையிலுள்ள கப்பியைச் சுற்றிவிட்டுப் போகும். உருளைக்குள் எண்ணெய். அந்த எண்ணெய் குழாய் வழியாக நைட்ரஜன் அடைத்த பெரிய சிலிண்டர்களோடு இணைந்திருக்கும். கப்பல் ஏறினால் வடத்தின் இழுப்பு கூடி உருளை அமுங்கும், எண்ணெய் போய் நைட்ரஜனை நெருக்கும், வடம் நீளும். கப்பி வழியாகச் சுற்றியிருப்பதால் உருளை ஒரு மீட்டர் இறங்கினால் வடம் இரண்டு மீட்டர் நீளும். கப்பல் இறங்கினால் நைட்ரஜன் விரிந்து உருளையைத் தள்ளும், தொய்வு எடுபடும். மின்சாரமோ கணினியோ இல்லாமலே வாயு தானாகச் செய்கிற வேலை இது. வாயுவின் அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். சிறிய சிலிண்டரில் வாயு கொஞ்சம் அமுங்கினாலே அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறிவிடும். பெரிய சிலிண்டரில் அழுத்தம் பெரிதாக மாறாது, அதனால் வடத்தின் இழுப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும்.

இந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதில்தான் அனுபவசாலிகளின் கைத்திறன் இருக்கிறது. டிராக்ஹெட்டின் எடையில் பெரும்பங்கை வடமே தாங்கிக்கொண்டு, கொஞ்சத்தை மட்டும் தரையில் விட வேண்டும். இறுகிய மணல் என்றால் அழுத்தி உட்கார வேண்டும். இளகிய சேறு என்றால் மேலாப்பில் தடவிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் தலை சேற்றுக்குள் மூழ்கிக் குழாயே அடைத்துக்கொள்ளும். சில நூறு டன் இரும்பை இப்படி மென்மையாக வைக்க முடிவது இந்தக் கப்பலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

தரையில் எல்லாம் மணலாகவே இருக்குமா என்ன? பாறை இருக்கும், மூழ்கிய கப்பலின் உடல் இருக்கும், நங்கூரச் சங்கிலி இருக்கும். கப்பல் நகர்ந்துகொண்டிருக்கும்போது தலை இதில் மாட்டினால் கப்பலின் முழு உந்தமும் குழாயில் வந்து விழும். பல கப்பல்களில் டிராக்ஹெட்டைக் குழாயோடு இணைக்கும் ஆணிகளை வேண்டுமென்றே பலவீனமாக வைக்கிறார்கள். ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் அந்த ஆணிகள் முறிந்து தலை கழன்றுகொள்ளும். குழாயும் கேன்ட்ரியும் தப்பிக்கும். கழன்ற தலை வடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், தூக்கிக்கொள்ளலாம். வடகடலில் இன்னொரு ஆபத்து: இரண்டாம் உலகப் போரின் வெடிக்காத குண்டுகள். அதனால் அங்கே டிராக்ஹெட்டின் வாயில் இரும்புக் கம்பி வலை பொருத்துகிறார்கள். அதையும் மீறி வந்து சேர்வது உண்டு. ராட்டர்டாம் துறைமுகத்தின் மாஸ்வ்லாக்டே 2 விரிவாக்கத்துக்காக 2008க்கும் 2013க்கும் இடையில் கடலிலிருந்து சுமார் 24 கோடி கன மீட்டர் மணலை வாரினார்கள். அந்த மணலோடு பனியுகத்து மாமத யானைகளின் எலும்புகளும் வந்தன. இன்றைக்கும் அந்தக் கடற்கரையில் மக்கள் குனிந்து எலும்பு பொறுக்குவதைப் பார்க்கலாம். வடகடல் ஒரு காலத்தில் தரையாக இருந்தது என்பதற்குக் குழாய் கொண்டுவந்த சாட்சி.

தலையைத் தூக்குவதும் இறக்குவதும் உயிர்ச் சங்கதியும்கூட. அமெரிக்கக் கடற்கரைகளில் கடல் ஆமைகள் டிராக்ஹெட்டில் சிக்கிச் செத்தன. தலை தரையில் அழுந்தியிருக்கும்போது முன்னால் கலப்பைபோல் ஒரு தகடு பொருத்தினால் அது ஆமையை ஒதுக்கிவிடுகிறது. தலை தரையைவிட்டு எழும்பியிருக்கும் நேரம்தான் மோசம், அப்போது எல்லாப் பக்கமிருந்தும் உறிஞ்சும். ஆகவே தலை தரையில் உட்கார்ந்த பிறகே பம்பை முழுவீச்சில் ஓட்ட வேண்டும், தூக்குவதற்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். வின்ச் ஓட்டுகிறவரின் ஒழுங்கில் ஓர் இனத்தின் உயிர் தொங்குகிறது.

ஹாப்பர் நிரம்பிய பிறகு சுமந்து போய் இறக்க வேண்டும். கழிவு மணல் என்றால் ஆழ்கடலில் வயிற்றுக் கதவுகளைத் திறந்துவிட்டால் சில நிமிடங்களில் காலி. மணலால் நிலம் உண்டாக்க வேண்டுமென்றால் ஹாப்பருக்குள் நீரைப் பீச்சி மணலை மறுபடி குழைத்து, அதே பம்புகளால் கப்பலின் முகப்புக்குத் தள்ளுவார்கள். அங்கிருந்து வானவில்போல் வளைந்து பீறிடும் மணல்நீர்தான் துபாயின் பாம் ஜுமேராவைக் கட்டியது. கொழும்பில் காலி முகத்திடலுக்கு எதிரே 269 ஹெக்டேர் துறைமுக நகரத்தைக் கட்டியதும் அதே காட்சிதான். அங்கே மணல் எடுத்த கடற்பரப்புகளில் மீன்பாடு கெட்டுப்போனதாக நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் போராடினார்கள். 2019 ஜனவரியில் நிலம் முழுமையானது. அவர்களுடைய புகார் முழுமையாகத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

தூரம் அதிகமென்றால் முகப்பில் மிதவைக் குழாயைப் பூட்டிக் கரைவரை தள்ள வேண்டும். இங்கே ஒரு விசித்திரம். குழாயில் கலவை மெதுவாக ஓடினால் மணல் அடியில் படிந்து அடைத்துவிடும், ஆகவே ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். பெரிய குழாய் என்றால் நிதானமாக ஓடினாலும் போதும் என்றுதான் நாம் நினைப்போம். நேர்மாறு. 1950களில் பிரான்சில் துராந் என்ற ஆய்வாளர் செய்த சோதனைகள் காட்டியபடி, குழாயின் விட்டம் கூடக்கூட அந்தக் குறைந்தபட்ச வேகமும் விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறுகிறது. பெரிய குழாயில் மேலிருந்து கீழே விழ மணலுக்கு இடம் அதிகம், சுழல் அதை மறுபடி தூக்கியாக வேண்டும். பெரிய கப்பல்களின் குழாய்களில் விநாடிக்கு நாலைந்து மீட்டர் வேகம் சாதாரணம். அந்த வேகத்தில் மணல் இரும்பை அரம்போல் அறுக்கும். வேகம் இரட்டித்தால் தேய்மானம் பல மடங்காகும். குழாயின் அடிப்பக்கமே முதலில் தேய்வதால், அவ்வப்போது குழாயைச் சுற்றித் திருப்பி வைத்து எல்லாப் பக்கமும் சமமாகத் தேய விடுவார்கள். பம்பின் உட்கூடுகளையும் சுழலிகளையும் அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும்.

மாற்ற வேண்டும் என்றால் மறுபடி தூக்க வேண்டும். கேன்ட்ரிகள் குழாயை மட்டுமே தூக்கத் தெரிந்தவை. தேய்ந்த டிராக்ஹெட்டைக் கழற்றுவது, டன் கணக்கில் எடையுள்ள பம்புச் சுழலியை வெளியே எடுப்பது, மிதவைக் குழாயின் முனையைத் தண்ணீரிலிருந்து பிடித்து முகப்பில் பூட்டுவது, அளவைப் படகை இறக்குவது, கரையிலிருந்து சாமான் ஏற்றுவது என்று எண்ணற்ற சில்லறை வேலைகள் உண்டு. இவற்றுக்காகப் பெரிய கப்பல்களில் ஹாப்பரின் மேலே தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும் கிரேன் வைக்கிறார்கள். ஒரு கிரேன் கப்பலின் நீளம் முழுதும் போய் எல்லாத் தூக்கலையும் பார்த்துக்கொள்ளும். துறைமுகத்துக்குப் போய்க் கரைக் கிரேனுக்குக் காத்திருக்காமல், நடுக்கடலிலேயே பல் மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரலாம். ஒரு நாள் சும்மா நின்றாலும் இந்தக் கப்பல்களின் நட்டம் மிகப் பெரியது. சிறிய வேலைகளில் கதை வேறு. அங்கே கப்பலில் எல்லாவற்றையும் ஏற்றாமல், கிரேனும் வின்ச்சும் பொருத்திய தட்டையான துணைப்படகு ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். நங்கூரம் மாற்ற, குழாய் இழுக்க, சரக்குக் கொண்டுவர எல்லாவற்றுக்கும் அதுவே. பலவேலைக் கருவி என்றால் விளம்பரத்தில் நன்றாக இருக்கும். ஆனால் தினமும் ஒரே வேலையை ஆயிரக்கணக்கான டன் அளவில் செய்யும் இடத்தில் தனிக் கருவியை வெல்ல அதனால் முடிந்ததில்லை என்பது என் கருத்து. கேன்ட்ரியும் ஓடும் கிரேனும் ஒரே கப்பலில் பக்கம் பக்கமாக இருப்பதே அதற்குச் சான்று.

பாறைத் தரையில் ஹாப்பர் டிரெட்ஜர் உதவாது. அங்கே கட்டர் டிரெட்ஜர் வேண்டும்: சுழலும் பற்களுள்ள உருண்டைத் தலை, அதைத் தாங்கும் ஏணி போன்ற கனத்த சட்டம். பாறையை வெட்டும் எதிர்விசையைத் தாங்கக் கப்பலின் பின்னால் ஸ்பட் என்ற பருத்த எஃகுத் தூணைக் கடலடியில் ஊன்றி நிற்பார்கள். கப்பல் அதையே அச்சாக வைத்து இடமும் வலமும் ஆடி ஆடி வெட்டும். தூணைத் தூக்கிப் போடுவதுதான் கட்டர் கப்பலின் நடை. சேதுசமுத்திரப் பணியில் ஆதம் பாலப் பகுதியில் வேலை செய்த 'அக்வாரியஸ்' கட்டர் கப்பலின் ஸ்பட் முறிந்தது அந்நாளில் செய்தியானது. அதற்குத் தெய்வக் காரணம் சொன்னவர்களும் உண்டு. தூணின் அடி மண்ணில் புதைந்திருக்க, மேல்முனை அலையில் ஆடும் கப்பலோடு பிணைந்திருக்க, ஒவ்வோர் அலையும் அந்த எஃகை வளைக்கப் பார்க்கும். கட்டர் கப்பல்கள் அலை குறைந்த இடங்களையே விரும்புவது இதனால்தான்.

ஹாப்பர் டிரெட்ஜருக்கு நம் கரையிலும் ஓயாத வேலை ஒன்று உண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் கூட்டுக்கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குப் பிறகு மெரினா அகலமானதும் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் வீடுகளைத் தின்றதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தின் முகப்பில் சேரும் மணலை ஹாப்பர் டிரெட்ஜர் வாரிக்கொண்டு, வடக்கே அரிக்கும் ஆர்.கே. கடற்கரைக்கு முன்னால் போய் முகப்பு வழியாகப் பீச்சிவிடும். சுவர் மறித்த வேலையைக் கப்பல் சுமந்து முடிக்கிறது. அடுத்த பருவத்தில் அந்த மணலை அலை கொண்டுபோகும், மறுபடி பீச்ச வேண்டும். இது செலவுதான். ஆனால் கரையோரம் கல்லைக் கொட்டி அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவதைவிட நியாயமான செலவு.

1976இல் தொடங்கிய இந்தியத் தூர்வாரும் கழகத்தின் முக்கியமான கப்பல்கள் பல நெதர்லாந்தின் ஐஎச்சி நிறுவனத்திடமிருந்து வந்தவை. 12,000 கன மீட்டர் ஹாப்பருள்ள பெரிய கப்பல் ஒன்றைக் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்ட 2022இல் ஒப்பந்தமானது. 'கோதாவரி' என்ற பெயரோடு அது 2025இல் நீரில் இறக்கப்பட்டது. வடிவமைப்பு அதே ஐஎச்சியுடையது. பெரிய கப்பலின் உடலைக் கட்ட நம் தளங்களுக்கு எப்போதோ கை வந்துவிட்டது. தொங்கும் கையையும் அதன் நுனியிலுள்ள பம்பையும் வடிவமைக்கும் கலை நமக்கு இன்னும் ரைன் ஆற்று முகத்துவாரத்துச் சில ஊர்களிலிருந்துதான் வருகிறது.